பத்தாவது ஆள்

ஜூன் 2, ஞாயிறு

பல் ஆஸ்பத்திரியில் ஞாயிறு மாலை டூட்டி. சனிக்கிழமை எனக்கு சபாத், ஓய்வுநாள், அன்றைக்கு வேலைக்கு வர மாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டேன். அதற்கு ஈடாக ஞாயிறு. கூட்டம் இல்லை. டோக்கன் வாங்கிய பெரியவர் தாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். எழுதலாம்.

காலையில் எங்கள் ஜெபக்கூடத்தில் முதல் வகுப்பு நடந்தது. வெளிநாட்டு யூத அறக்கட்டளை ஒன்று புத்தகங்களும் ஒரு மின்விசிறியும் அனுப்பியிருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: பிள்ளைகள் மட்டும் வந்தால் போதாது, பெற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பெரம்பூரில் நாங்கள் இருப்பதே ஒரு கை நிறையக் குடும்பங்கள். கொங்கணக் கரையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வீட்டில் தமிழ், ஜெபத்துக்கு எபிரேயம். அதையும் முக்கால்வாசிப் பேர் அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறோம். அதைச் சரிசெய்யத்தான் சிப்போரா டீச்சர், அதாவது நான்.

தாய்மார்கள் வந்தார்கள். தகப்பன்களில் வந்தவர் மோசஸ் மட்டும். ஜமாலியாவில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருப்பவர். மகள் ரூத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் கிரிக்கெட் பார்த்தார். நான் முறைத்தேன். "சத்தம் வெக்கல டீச்சர்" என்றார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு குடும்பக் கல்வி நடத்தச் சொல்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் நிசிம் வரவில்லை. அவர்தான் எங்களுக்கு ஜெபம் நடத்துபவர். அவர் குரல் எழுந்தால் தெருவில் போகிறவன்கூட சைக்கிளை நிறுத்துவான். "எனக்கு எதுக்குடி பாடம்" என்றார். நியாயம்தான்.

என் உதடு வீங்கியிருப்பதைப் பார்த்து ரூத் கேட்டாள். கிரைண்டர் மூடி பட்டுவிட்டது என்று சொன்னேன்.

ஜூன் 5, புதன்

முன்பல் ஒன்று முனையில் உடைந்துவிட்டது. டாக்டர் வசந்தகுமாரியே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எப்படி ஆச்சு?"

"சோத்துல கல் கெடந்துச்சு மேடம்."

அவர் விளக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பினார். "கல்லைக் கடிச்சா கடைவாய்ப் பல்லு போகும் சிப்போரா. யாரும் முன்பல்லால சோறு மெல்ல மாட்டாங்க."

வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல்லை அடைத்து, படமும் எடுத்து வைத்தார். காசு வாங்கவில்லை. நல்லவர்தான், ஆனால் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

ஜூன் 12, புதன்

தீனா தலைமுடியை வெட்டிவிட்டு வந்து நிற்கிறாள். என் பெண்ணுக்கு இன்னும் ஒரு மாதத்தில் பன்னிரண்டு வயது முடிகிறது. எங்களில் பெண் பிள்ளைக்கு அதுதான் பெரியவளாகும் வயது. அன்றைக்கு அவள் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று பேச வேண்டும், எல்லாரும் பார்ப்பார்கள். இடுப்பு வரை இருந்த முடி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சலூனில் நுழைந்து, ஆம்பிளைப் பிள்ளை மாதிரி கட்டையாக வெட்டிக்கொண்டாள்.

"பேன்" என்றாள்.

பேன் எனக்குத் தெரியாமலா? போன வாரம்தான் சீப்பு போட்டுப் பார்த்தேன். ஓர் ஈர்கூட இல்லை. அவள் வயதுக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு வரும் என்று விட்டுவிட்டேன். முடி வளரும்.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைய வகுப்பு எனக்கே பிடித்திருந்தது.

சபாத்தில் என்னென்ன செய்யக்கூடாது என்று பிள்ளைகளைக் கேட்டேன். நெருப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, போனைத் தொடக்கூடாது, வண்டி ஏறக்கூடாது. தீனா வரிசையாகச் சொன்னாள். அப்போது மோசஸ் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "யாராச்சும் சாகக் கெடந்தா?" என்று கேட்டார்.

"அப்ப எல்லாத்தையும் மீறலாம். மீறலாம் இல்ல, மீறணும். உயிரைக் காப்பாத்த சபாத்தை உடைக்கணும்னுதான் சட்டம். யோசிச்சிட்டு நிக்கறதுதான் பாவம்."

"யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்?" இது தீனா.

"யாருகிட்டயும் வேணாம்."

அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

பிறகு வெள்ளிக்கிழமை மாலை ஆசீர்வாதம் சொல்லிக் கொடுத்தேன். சபாத் நுழைந்ததும் தகப்பன் பிள்ளையின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஆசீர்வதிப்பது வழக்கம். பாதி வீடுகளில் அது எப்போதோ நின்றுபோயிற்று. ரூத் தன் அப்பா முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றாள். மோசஸ் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கிரீஸ். "இரு பாப்பா" என்று எழுந்து போனார். குழாயடியில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வகுப்பே முடிந்தபிறகு வந்து, ஈரக் கையை அவள் தலையில் வைத்தார். எபிரேய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "நல்லா இரு" என்றார். மனுஷருக்குக் கொஞ்சம் உணர்வு இருக்கிறது போல.

ஜூன் 18, செவ்வாய்

எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். இந்த நோட்டு இங்கே மருந்து அலமாரிக்குள்தான் இருக்கிறது, யாரும் படிக்கப்போவதில்லை.

நேற்று மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவர் ரயில்வே ஷெட் வேலையிலிருந்து வந்தார். வாசல் நிலையில் பதித்திருக்கும் மெசூசாவை, வேதவசனம் அடங்கிய அந்தச் சின்னக் குழலை, விரலால் தொட்டு முத்தமிட்டார். அதைச் செய்யாமல் ஒருநாளும் உள்ளே வர மாட்டார். சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். தட்டைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் பட்டு எகிறித் தீனாவின் முழங்கையில் விழுந்தது. அவளை நோக்கி எறியவில்லை. பிறகு என் பின்கொண்டையைச் சுருட்டிப் பிடித்து சுவரடிவரை இழுத்துக்கொண்டு போனார். தரையில் சிந்திய குழம்பில் என் முகத்தை வைத்து அழுத்தி, "நீயே ருசி பாரு" என்றார். ஒரு முள் கன்னத்தில் ஏறிவிட்டது. நான் கத்தவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் அவரே மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அவருக்கு வேலையில் நெருக்கடி. மேலதிகாரி நாய் மாதிரி நடத்துகிறான்.

பிள்ளையை அவர் தொட்டதில்லை. இதுவரை ஒரு விரல் பட்டதில்லை.

குழவிக்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் அது எவ்வளவு கனம் என்று மனம் நிறுத்துப் பார்க்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

சபாத் சாற்றுக்குத் திராட்சை ஊறவைக்க வேண்டும். இரண்டு ரொட்டி. அவர் உடைத்த டம்ளரின் கண்ணாடிச் சில்லு ஒன்று இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது, வசந்தகுமாரி மேடம் எடுக்கிறேன் என்கிறார்.

ஜூன் 23, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் எஸ்ரா சித்தப்பாவிடம் தனியாகப் பேசினேன். என் அப்பாவின் தம்பி, ஜெபக்கூடத்தின் தலைவர். அப்பா போனபிறகு எனக்குப் பிறந்தவீடு என்று இருப்பது அவர் ஒருவர்தான். முக்காட்டை விலக்கிக் காதுக்குப் பின்னால் காட்டினேன். முடி பிடுங்கி வந்த இடம், இன்னும் சிவந்துதான் இருக்கிறது.

பார்த்தார். கண் கலங்கியது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அவங்கிட்ட பேசறேம்மா. போலீஸு கீலீஸுனு மட்டும் போயிடாத."

"ஏன் சித்தப்பா?"

"நம்மகிட்ட எத்தன ஆம்பளைங்க இருக்காங்கன்னு உனக்கே தெரியும்."

தெரியும். பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் பேழையைத் திறந்து உள்ளிருக்கும் தோரா வேதச் சுருளை வெளியே எடுக்கலாம். பத்துப் பேர் இருந்தால்தான் இறந்தவர்களுக்காகச் சொல்லும் காதீஷைச் சொல்லலாம். எங்களிடம் சரியாகப் பத்துப் பேர். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவோம்.

"மோசஸோட அப்பா போயி இன்னும் வருஷம் திரும்பல. வாரம் தவறாம வந்து காதீஷ் சொல்றான். நிசிம உள்ள வெச்சா அதுவும் நின்னுடும். அடுத்த வெள்ளி அறக்கட்டளைக்காரங்க படம் எடுக்க வராங்க. இந்த ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்கம்மா."

பல்லைக் கடிக்கச் சொல்கிறார். முன்பல் அடைத்திருப்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

சித்தப்பா அவரிடம் பேசினார் போல. இன்று மதியம் வீட்டில் அதற்குச் சன்மானம் கிடைத்தது. விலாவில். மூச்சு இழுத்தால் குத்துகிறது.

ஜூன் 28, வெள்ளி

மதியத்தோடு விடுப்பு. நோட்டு கைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று மாலை ஜெபக்கூடத்தில் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து சபாத் விருந்து. அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்திருக்கிறாள், சபாத் நுழையுமுன் படம் எடுத்து முடித்துவிடுவாள். மாதிரிக் குடும்பமாக எங்களைத்தான் சித்தப்பா காட்டப்போகிறார். கோழியைத் தேங்காய்ப்பாலில் வைத்தாயிற்று. எங்கள் வீட்டில் கறியோடு பசும்பால் சேராது. உலர்திராட்சையைப் பிழிந்து சாறு எடுத்தாயிற்று. நாளை மதியத்துக்குப் பருப்பும் முட்டையும் இறைச்சியும் போட்ட பெரிய பானையைச் சிறுதீயில் ஏற்றியாயிற்று. நாளை அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அது இரவெல்லாம் கொதித்துக்கொண்டே இருக்கும்.

தீனாவுக்கு முழுக்கைச் சட்டை. அவளே எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 29, சனி

இன்று எழுதக்கூடாது. எழுதுகிறேன். தீனா உயிரோடு இருக்கிறாள்.

ஜூன் 30, ஞாயிறு

உள்ளங்கையில் கட்டு இருக்கிறது, ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளை யாராவது கேட்டால் நானே மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

வெள்ளி மாலை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நிசிம் பாடினார். மனைவியைப் புகழ்ந்து பாடுகிற பாட்டு. என்னைப் பார்த்துக்கொண்டே பாடினார். கேமராக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தகப்பன்கள் எல்லாரும் எழுந்து பிள்ளைகளை ஆசீர்வதித்தார்கள். நான்தான் பாடம் நடத்திச் சேர்த்த காட்சி. மோசஸ் அன்றைக்குக் கையை முன்னாலேயே கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

நிசிம் இரண்டு கைகளையும் தூக்கினார். தீனா சட்டென்று குனிந்து, இரண்டு முழங்கைகளையும் தலைக்கு மேல் மறைப்பாகக் கொண்டுவந்து, சுவரோரம் ஒடுங்கிவிட்டாள்.

கரண்டி ஒன்று விழுந்த சத்தம். அந்த ஒடுக்கத்தைப் பார்த்து ஒருவருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நிசிம் சிரித்தார். "கூச்சம்" என்றார். எஸ்ரா சித்தப்பா அவசரமாக ரொட்டியை எடுத்து எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

அன்றிரவு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை ஜெபம் நடத்தினார், தோரா வாசித்தார், குரல் ஒரு சுரம் பிசகவில்லை. மதியம் வீட்டுக்கு வந்தோம். மெசூசாவைத் தொட்டு முத்தமிட்டார். கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். 

"ஊர் முன்னாடி என்னை யாருன்னு காமிச்ச?" தீனாவைத்தான் கேட்டார். "தலையில கை வெச்சா குனிவியா? இப்ப வெக்கறேன், குனி."

ஆசீர்வாதத்துக்கு வைப்பதுபோலவே இரண்டு கைகளையும் அவள் தலையில் வைத்தார். பிடித்தார். சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் கொண்டுபோய் மோதினார். ஒருமுறை. அவள் "அப்பா" என்றாள். இன்னொருமுறை. புருவம் பிளந்து ரத்தம் வெள்ளை விரிப்பில் கொட்டியது. நான் அவர் முதுகில் ஏறித் தோளைக் கடித்தேன், கறி பெயரும்வரை கடித்தேன். அவர் பிள்ளையை விட்டுவிட்டு என் முடியைப் பிடித்துச் சுழற்றி நிலைக்கால்மேல் அடித்தார். காதுக்குள் ஏதோ வெடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வயிற்றில் மிதித்தார். கழுத்தில் காலை வைத்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது தீனா குளியலறைக்குள் ஓடித் தாழ்போடுவது தெரிந்தது. அவர் காலை எடுத்துவிட்டு அந்தக் கதவை நோக்கி நடந்தார். கதவு பிளாஸ்டிக் கதவு. இரண்டு உதையில் தாழ் நெளிந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த பானை அடுப்பில் இருந்தது. துணிகூடப் பிடிக்காமல் தூக்கினேன். அவர் முதுகிலும் கழுத்திலும் கவிழ்த்தேன். அலறிக்கொண்டு திரும்பினார். காலிப் பானையால் முகத்தில் அடித்தேன். விழுந்தார். இன்னும் அடித்தேன். நின்றிருக்க மாட்டேன். தீனா வெளியே வந்து, "அம்மா, போதும், வராங்க" என்றாள்.

கையில் கைபேசி. வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் அணைத்து இழுப்பறையில் போட்டது. காலையில் ஜெபக்கூடத்துக்குக் கிளம்புமுன்பே அதை எடுத்துப் பாவாடையில் செருகி வைத்திருக்கிறாள். முதலில் நூறுக்கு அடித்திருக்கிறாள், அடுத்து வசந்தகுமாரி மேடத்துக்கு.

ஆட்டோவில் போகும்போது துணியால் புருவத்தை அழுத்திக்கொண்டு கேட்டாள்: "சபாத்தை உடைச்சது சரிதானேம்மா? யாருகிட்டயும் கேக்க வேணாம்னு நீதான சொன்ன."

அவள் தலையைத் தடவப் போனேன். குட்டை முடி உள்ளங்கையில் குத்தியது. பேன் இல்லையே, ஏன் வெட்டினாய் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"உன்னை எதைப் பிடிச்சு இழுக்கறார்னு பாத்தேன்" என்றாள்.

அவளுக்குப் புருவத்தில் தையல். எனக்கு விலா இரண்டு, செவிப்பறை ஒன்று, உள்ளங்கைகளில் கொப்புளம். கத்தி அழ வேண்டும்போல இருந்தது, விலா விடவில்லை.

ஜூலை 3, புதன்

மகளிர் காவல் நிலையத்தில் புகார் பதிவாயிற்று. பானையை ஏன் கவிழ்த்தாய் என்று ஆய்வாளர் அம்மா கேட்டபோது வசந்தகுமாரி மேடம் பல்லின் படத்தை மேஜையில் வைத்தார். நிசிமை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்துவிட்டார்கள்.

எஸ்ரா சித்தப்பா வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். தீனாவின் புருவக் கட்டைப் பார்த்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

"ஒம்போது பேர்தான்மா இருக்கோம். பேழையைத் தொறக்க முடியாது. பெரியவங்க கட்டின எடம். மூடிட்டா மறுபடி தொறக்கறவன் இல்ல."

"மூடுங்க."

"இப்படியா பேசுவ?"

"வேற எப்படிப் பேசணும்? என் பொண்ணு மண்டையை ஒடைச்சவன் நின்னுதான் கடவுளைக் கூப்பிடணும்னா, அவர் வராமலே இருக்கட்டும் சித்தப்பா."

போய்விட்டார். ஆப்பிளை வைத்துவிட்டுத்தான் போனார். நான் சுவரில் எறிந்தேன். பிறகு தீனா அதைப் பொறுக்கிக் கழுவி நறுக்கினாள்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று பேழை திறக்கவில்லை. ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்களாம். பெண்கள் சிலர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "புருஷன் மேல கொதிக்கிற பானையக் கவுத்தவ, புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித்தரப் போறா" என்று ஒருத்தி படியிலேயே சொன்னாள், கேட்கிற காதின் பக்கமாக நின்று.

வகுப்புக்கு வந்தது தீனாவும் ரூத்தும் மோசஸும் மட்டும். என்ன பாடம் நடத்துவது என்று தெரியாமல் எழுத்துகளை எழுதிப்போட்டேன். மோசஸ் கைபேசியை எடுக்கவில்லை. தடித்த விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்.

"காதீஷ் நின்னுபோச்சே, வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக்கூடாது.

"இருக்கு டீச்சர்" என்றார். "எங்கப்பாவும் எங்கம்மாவ அடிப்பாரு."

அடுத்த எழுத்துக்குப் போனோம்.

ஜூலை 15, திங்கள்

நிசிமுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை. ஜெபக்கூடம் அடுத்த தெருவில் இருக்கிறது.

வரும் சனிக்கிழமைதான் தீனாவின் நாள். அவள் இரண்டு வாரமாக உரையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். சித்தப்பா போனில் சொன்னார்: "வெள்ளி, சனி ரெண்டு நாளும் நிசிம் வரான். பின்வரிசையில உக்காருவான், பாட மாட்டான், எண்ணிக்கைக்கு மட்டும். தோராவ வெளிய எடுக்காம புள்ளைக்கு விழா நடத்த முடியுமா, நீயே சொல்லு."

என் பிள்ளையின் பெயரைச் சொல்லியே என்னை அடிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நாம் போக வேண்டாம் என்றேன். தீனா உரைத் தாளை மடித்தாள். "அவரு வரார்னு நான் ஏம்மா போகாம இருக்கணும்?" என்றாள். 

ஜூலை 18, வியாழன்

கைப்பைக்குள் குழவிக்கல்லைப் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். விலா வலிக்கிறது, ஆனால் தூக்க முடிகிறது.

ஜூலை 21, ஞாயிறு

வெள்ளி மாலை நாங்கள் போனபோது அவர் ஏற்கெனவே பின்வரிசையில் இருந்தார். கழுத்தில் தீக்காயம் இளஞ்சிவப்பாகத் தோல் உரிந்திருந்தது. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தீனாவைப் பார்த்துச் சிரித்தார். அவள் என் கையைப் பிடித்தாள், நகம் பதியும்படி. பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எஸ்ரா சித்தப்பா எண்ண ஆரம்பித்தார். எங்களில் மனிதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடாது, கண்பட்டுவிடும். அதனால் இல்லை இல்லை என்று சொல்லித்தான் எண்ணுவது வழக்கம். "ஒண்ணு இல்ல. ரெண்டு இல்ல. மூணு இல்ல." விரல் வரிசையாக நகர்ந்தது. பின்வரிசைக்கு வந்தது. நிசிம் நெஞ்சை நிமிர்த்தினார். "பத்து இல்ல" என்று முடித்தபோது சித்தப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பையின் வாரை இறுக்கிப் பிடித்தேன்.

மோசஸ் எழுந்தார். போட்டிருந்த ஜெபச் சால்வையைக் கழற்றி, மடித்து, இருக்கையில் வைத்தார்.

"எங்கடா போற?" என்றார் சித்தப்பா.

"வெளிய."

"ஜெபம் ஆரம்பிக்கப் போவுது. காதீஷ் சொல்ல வேணாமா உங்கப்பனுக்கு?"

"சொல்லணும்தான் வந்தேன்." குரல் உயரவில்லை. "எங்கப்பாவுக்கு அந்தக் கையும் சேர்ந்து ஆமென் சொல்ல வேணாம். அப்பா கையே அப்படித்தான் இருந்துச்சு. ஒரு புள்ளையைக் குனிய வெச்ச கையை எண்ணி நான் என்னத்த சொல்லப் போறேன்? நிசிம் உள்ள இருந்தா நான் வெளிய இருக்கேன். இப்ப எண்ணுங்க."

வாசலுக்குப் போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ரூத் எழுந்து ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்தாள்.

சித்தப்பா விரலைத் தூக்கியபடியே நின்றார். நிசிம்தான் பேசினார். "ஒரு மெக்கானிக்குக்காக நிறுத்துவீங்களா? இழுத்துட்டு வாங்க அவனை." அந்தக் குரலை நான் அறிவேன். தட்டு பறப்பதற்கு முந்தைய குரல். ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள் அதை முதல்முறையாகக் கேட்டார்கள். அவர் எழுந்து வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தார், முஷ்டி மடங்கியது. ரூத் தலைக்கு மேல் இரண்டு முழங்கைகளையும் தூக்கினாள். எங்கே பார்த்துக் கற்றாளோ. தீனாவைப் பார்த்துத்தான்.

சித்தப்பா அதைப் பார்த்தார். என் காயத்தைக் காட்டியபோது திரும்பிக்கொண்ட முகம் இந்தமுறை திரும்பவில்லை. குறுக்கே போய் நின்றார். நிசிம் அவரைத் தள்ளினார். எழுபத்தைந்து வயது மனுஷர் பெஞ்சில் மோதி விழுந்தார். உதடு கிழிந்தது. அதற்குப் பிறகு மற்ற ஆண்கள் எழுந்தார்கள். ஏழு பேரும் பேசவில்லை, அடிக்கவில்லை, தோளோடு தோள் வைத்து நடந்து அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டு, மோசஸையும் ரூத்தையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அவர் வெளியிலிருந்து கதவை உதைத்தார். மெசூசா ஆணியோடு பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. போலீஸுக்குப் போன் போட்டது யார் தெரியுமா, சித்தப்பா. சபாத் நுழைந்துவிட்டிருந்தது. ரத்த உதட்டோடு, "யாருகிட்டயும் கேக்க வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எண்களை அழுத்தினார். என் வகுப்பு அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

போலீஸ் வந்து நிசிமைக் கூட்டிப்போனதும் சித்தப்பா மறுபடி எண்ணினார். "ஒம்போது இல்ல" என்பதோடு நின்றது. "ஒம்போது பேரோட ஆரம்பிப்போம்" என்றார். காதீஷ் சொல்லவில்லை. மோசஸ் தன் இருக்கைக்கு வந்து சால்வையைப் போட்டுக்கொண்டு, ஜெபத்தைத் தப்புத் தப்பாக, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

சனிக்கிழமை பேழை மூடியே இருந்தது. மூடிய பேழையின் முன்னால் நின்று தீனா பேசினாள். உயிருக்கு ஆபத்து என்றால் எதையெல்லாம் மீறலாம் என்பதுதான் அவள் உரை. இரண்டு இடத்தில் மறந்துவிட்டாள். தாளைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து, குழவிக்கல்லை அதன் இடத்தில் வைத்துவிட்டு, ரொட்டியை மேஜையில் வைத்தேன். விரிப்பில் அந்தக் கறை இன்னும் பழுப்பாக இருந்தது. ஆசீர்வாதம் தகப்பன் செய்ய வேண்டியது. தகப்பன் இல்லாத வீட்டில் தாய் செய்யலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். தீனாவின் முன்னால் போய் நின்று கைகளைத் தூக்கினேன். அவள் தோள் ஏறியது. முழங்கை பாதிவரை வந்தது. நான் அப்படியே நின்றேன்.

"கையை மொதல்ல காட்டும்மா" என்றாள்.

கீழே கொண்டுவந்து காட்டினேன். உள்ளங்கை. கொப்புளம் உடைந்து புதுத்தோல் வந்திருக்கிறது. திருப்பிப் புறங்கை. அவள் இரண்டையும் பிடித்து, விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு தானே தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.